கிருமி செத்தாலும் நஞ்சு இருக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி தொடங்கினால் எங்கள் வீட்டுப் படலையடியில் கேள்விகளும் தொடங்கிவிடும். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. ஆனாலும் ஒழுங்கையில் இருப்பவர்களும் பிள்ளைகளின் தாய்தகப்பன்மாரும் முதலில் வந்து கேட்பது என்னிடம்தான். அதே கேள்விகள் வருடாவருடம் திரும்பி வருவதால் இந்தமுறை எழுதியே வைக்கிறேன். எந்த மருந்து எடுப்பது என்று இதில் இருக்காது, அதை வைத்தியசாலையில் கேளுங்கள். கிருமி உள்ளே போய் என்ன செய்கிறது என்று விளங்கினால், எதைச் செய்தால் பலன் உண்டு, எதைச் செய்து பலனில்லை என்பது பாதி தானாகவே விளங்கிவிடும்.

கிருமி உடம்புக்குள் போனால் உண்மையில் என்னதான் செய்கிறது?

எல்லாரும் நினைப்பது கறையான் மரத்தை அரிப்பது போலக் கிருமி எங்களை அரித்துத் தின்கிறது என்று. சில கிருமிகள் கிட்டத்தட்ட அப்படித்தான். வைரஸ் ஒரு கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தைக்கொண்டே தன்னைப் பிரதி எடுக்க வைக்கிறது, பல வேளைகளில் அந்தக் கலம் அத்தோடு செத்துப்போகும். ஆனால் பற்றீரியாக்களில் பல வேறு வேலை செய்கின்றன: ஒரு மூலையில் இருந்துகொண்டே நஞ்சைச் சுரந்து விடுகின்றன. கிருமி காலில் இருக்கும், நஞ்சு முள்ளந்தண்டு வரை போகும். கிருமி தொண்டையில் இருக்கும், நஞ்சு இதயத்தைப் போய்ப் பிடிக்கும். இன்னும் சில நோய்களில் கிருமியும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, நஞ்சும் இல்லை, அதை எதிர்க்க எங்கள் உடம்பு நடத்தும் சண்டையில்தான் வீடு இடிகிறது. காசநோயில் நுரையீரல் குழிவிழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கிருமியையும் அதன் நஞ்சையும் வேறு வேறாகப் பிரித்துப் பாருங்கள். கீழே வரும் பதில்கள் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான்.

பழங்கறியை நல்லாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டால் பிரச்சினை இல்லைத்தானே?

இதுதான் எல்லாரும் கேட்பது, இதில்தான் எனக்குக் கவலையும் கூட. எப்போதும் அப்படி இல்லை.

கையில் ஒரு சின்னப் புண், சீழ் வைத்திருக்கிறது, அந்தக் கையாலேயே ஒருவர் சாப்பாடு பிசைகிறார், பொதி கட்டுகிறார் என்று வையுங்கள். அந்தப் புண்ணில் இருப்பது ஸ்டெபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா. நல்ல சுகதேகியின் மூக்கிலும் அது இருக்கும். எங்கள் ஊர் வெக்கையில் சாப்பாடு நாலைந்து மணித்தியாலம் வெளியே இருந்தால் அது பெருகி நஞ்சைச் சுரந்து வைத்துவிடும். பிறகு நீங்கள் கொதிக்க வைத்தால் பற்றீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். அரை மணித்தியாலம் கொதித்தாலும் அது முழுதாக அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்குவது இதனால்தான், கிருமி உள்ளே போய்ப் பெருகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நஞ்சு ஏற்கெனவே தயார்.

சோற்றிலும் இதே கதை. அரிசியோடு மண்ணிலிருந்து வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், சோறு அவிந்தாலும் சாவதில்லை. சோறு சட்டியிலேயே சூட்டோடு கிடந்து மெல்ல ஆறும்போது அவை முளைக்கும், பெருகும், சத்தி எடுக்க வைக்கும் ஒரு நஞ்சைச் செய்யும். அந்த நஞ்சு 121 பாகை வெப்பத்தைக்கூடத் தாங்கும். அடுத்தநாள் அந்தச் சோற்றை எண்ணெயில் பிரட்டிப் பிரைட் ரைஸ் ஆக்கினால் ருசி மாறும், நஞ்சு மாறாது.

ஆனால் கிடாரத்தில் காய்ச்சிய இறைச்சிக் கறியில் வளரும் இன்னொரு பற்றீரியா இருக்கிறது, குளோஸ்ரீடியம் பெர்பிரிஞ்சன்ஸ். அது நஞ்சைச் செய்வது எங்கள் குடலுக்குள் போன பிறகு. ஆகவே அங்கே திரும்பக் கொதிக்க வைப்பது உண்மையில் உதவும். கலியாணவீடு, அந்தியேட்டி முடிந்து இரவு கறியை வாளிகளில் பங்கு போட்டுக் கொடுத்து, அடுத்தநாள் இளஞ்சூட்டில் சாப்பிட்டு வீடு முழுக்க வயிற்றோட்டம் என்றால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

எது எந்தச் சட்டியில் இருக்கிறது என்று கண்ணால் தெரியாது, மணமும் பல நேரம் மாறாது. அதனால் நான் சொல்வது கொதிக்க வைப்பதைப் பற்றி இல்லை, ஆறவைப்பதைப் பற்றி: இரண்டு மணித்தியாலத்துக்குள் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பரவலாகப் பிரித்துக் குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். பெரிய பானையை அப்படியே வைத்தால் நடுவில் இருக்கும் சூடு விடியும்வரை போகாது.

சூரை மீன் சாப்பிட்டு முகம் சிவந்து கடித்தது. இனி மீனே சாப்பிடக் கூடாதா?

அது உங்களுக்கு மீன் ஒத்துக்கொள்ளாததாலும் இருக்கலாம், டொக்டரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆனால் அதே மீனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கும் அதேபோல் வந்தது என்றால் குற்றம் அந்த மீனில். சூரை, கும்பிளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பற்றீரியாக்கள் அவற்றின் தசையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக, அதாவது ஒவ்வாமையின்போது எங்கள் உடம்பே வெளிவிடும் அதே பொருளாக, மாற்றிவிடும். சாப்பிட்டுச் சில நிமிடத்தில், கூடினால் ஒரு மணித்தியாலத்தில், முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு கடிக்கும். புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் போகாது. சந்தையில் ஐஸ் போட்டு வைத்திருக்கும் மீனையே கேட்டு வாங்குங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் ஏன் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள்? குடித்தால் இன்னும் போகாதா?

என் அம்மம்மாவின் காலத்தில் பேதி என்றால் தண்ணீரை நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தி எத்தனை பிள்ளைகள் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

வாந்திபேதியை எடுத்துக்கொள்ளுங்கள், கொலரா. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்ப வாட்டியது. 1847இல் வந்து மானிப்பாயில் எங்கள் ஆட்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீனின் காலத்தில்கூட அது எப்படி ஆளைக் கொல்கிறது என்று உலகத்தில் எவருக்கும் சரியாகத் தெரியாது. கிருமியைப் பிறகு கண்டுபிடித்தார்கள். ஆனால் குடலை வெட்டிப் பார்த்தால் பெரிய புண் ஒன்றும் இல்லை, அப்படியிருக்க ஆள் ஏன் சாகிறார்? 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற வங்காள விஞ்ஞானி, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை மட்டும் முயலின் குடலுக்குள் விட்டுப் பார்த்தார். குடல் தண்ணீரால் வீங்கியது. அதாவது வேலையைச் செய்வது கிருமி சுரக்கும் நஞ்சு.

அந்த நஞ்சு குடல் சுவரின் கலங்களைக் கொல்வதில்லை. கலத்துக்குள் ஒரு ஆளியைப் போட்டுவிட்டு அதை நிறுத்த முடியாமல் பூட்டிவிடுகிறது. கலம் ஓயாமல் குளோரைட்டை வெளியே தள்ளும், அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகும். கடுமையானால் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை போகலாம், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. சில மணித்தியாலத்தில் இரத்தம் வற்றி ஆள் போய்விடும்.

ஆனால் அந்த நஞ்சு ஒரு கதவை மட்டும் தொடுவதில்லை. சீனியும் உப்பும் சேர்ந்து போனால் அவற்றை உள்ளே இழுக்கும் தனி வாசல் ஒன்று குடலில் இருக்கிறது, தண்ணீரும் கூடவே உள்ளே வரும். வெறும் தண்ணீருக்கு அந்த வாசல் திறக்காது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூளான ஜீவனிப் பொதி வேலை செய்வது இப்படித்தான். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த, இந்திய எல்லைப்பக்கப் பொங்காவ் முகாமில் நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோனபோது டொக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கரைத்து, தாய்மாரே பிள்ளைகளுக்குப் பருக்கும்படி செய்தார். 100 பேரில் 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவானார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு கிணறு, அதைச் சுற்றி எத்தனை நூறு பேர் என்று தெரியாது. தம்பிக்கு வயிற்றோட்டம் வந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு தாதி அக்கா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தா: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. அம்மா இரவிரவாகக் கரண்டி கரண்டியாகப் பருக்கினா. தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

அளவை மாற்றாதீர்கள். உப்பு கூடினால் ஆபத்து, சீனி கூடினால் வயிற்றோட்டமும் கூடும்.

இளநீர் போதாதா?

லேசான வயிற்றோட்டத்துக்குச் சரி. கடுமையாகப் போனால் போதாது, இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, நீங்கள் இழப்பதோ சோடியத்தை. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி அதைவிட நல்லது. சிறுநீரக வருத்தக்காரர் இளநீரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஆணியில் துரு இல்லை, புது ஆணிதான். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட வேண்டுமா?

துருவுக்கும் ஏற்புவலிக்கும் சம்பந்தமில்லை. கிருமி இருப்பது மண்ணில், மாட்டுச் சாணத்தில், வித்தியாக. வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம்தான் அதற்கு வேண்டியது, ஆணி, முள்ளுக்கம்பி, பனங்கருக்கு எது குத்தினாலும் ஒன்றுதான்.

காயம் ஆறியதுபோலவே இருக்கும். உள்ளே கொஞ்சக் கிருமி முளைத்து நஞ்சு சுரக்கும். அது நரம்பின் முனையில் ஏறி, நரம்பு வழியாகவே மேலே முள்ளந்தண்டுக்குப் போகும். எங்கள் தசை ஒவ்வொன்றுக்கும் 'இறுக்கு' என்று ஒரு கட்டளை, 'போதும், தளர்த்து' என்று ஒரு கட்டளை. இந்த நஞ்சு இரண்டாவதை மட்டும் வாயடைத்துவிடும். பிறகு தசை இறுகும், விடாது. முதலில் தாடை பூட்டும், பிறகு முதுகு வில்லாக வளையும், கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு முழுக்க இழுக்கும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். காயம் பட்டு மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் இது தொடங்கலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் இரண்டரைப் பங்கு அளவு நஞ்சே கொல்லப் போதும்.

அந்த அளவு அவ்வளவு சிறியது என்பதால், ஏற்புவலி வந்து பிழைத்தவருக்குக்கூட அதற்கு எதிர்ப்புச் சக்தி வராது, உடம்பு அந்த நஞ்சைக் கவனிக்கவே இல்லை. பிழைத்தவரும் ஊசி போட்டாக வேண்டும். நரம்பில் ஒட்டிய நஞ்சைக் கழற்ற எந்த மருந்தும் இல்லை. வைத்தியசாலையில் கொடுக்கும் எதிர்நஞ்சு இரத்தத்தில் இன்னும் ஒட்டாமல் திரிவதை மட்டுமே பிடிக்கும். எனவே காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே போங்கள், கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று சொல்லுங்கள், தேவையா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். காயத்தில் சாணமோ அடுப்புச் சாம்பலோ ஒருபோதும் வைக்க வேண்டாம்.

நஞ்சுக்கு எதிராக ஊசி என்றால் ஊசியிலும் நஞ்சா இருக்கிறது?

நஞ்சுதான், ஆனால் பல்லுப் பிடுங்கியது. போர்மலின் போட்டு அதன் வேலையைக் கெடுத்துவிடுவார்கள், உருவம் மட்டும் மிஞ்சும். உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து, அதைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தைச் செய்து வைக்கும். ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்கும் (டிப்தீரியா) இப்படித்தான். தொண்டைக்கரப்பானின் நஞ்சு கலத்தில் புரதம் செய்யும் வேலையையே நிறுத்திவிடும், ஒரு கலத்தைக் கொல்ல அதன் ஒரேயொரு மூலக்கூறே போதும். பிள்ளைக்கு 2, 4, 6 மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் 5 வயதிலும் போடும் ஊசிகளில் இவை அடங்கியிருக்கின்றன. ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தது என்று அடுத்ததை விட்டுவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து விட வேண்டாம், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

கிருமியைக் கொல்ல அன்ரிபயோட்டிக் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

அன்ரிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும், அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது. வைரஸுக்கு அதுவும் இல்லை. இன்னொன்று: சில பற்றீரியாக்களின் மேலுறையே ஒரு நஞ்சு. அவை சிதையும்போது அது இரத்தத்தில் கலக்கும். அதைக் கண்ட உடம்பு ஊரெல்லாம் மணி அடித்த மாதிரி எல்லா இடத்திலும் ஒரேயடியாக எதிர்ப்பைத் தொடங்கும்: காய்ச்சல், குலைப்பன், இரத்தக்குழாய்கள் விரிந்து கசிவு, பிரஷர் இறக்கம், கடைசியில் சிறுநீரகம் நின்றுபோதல். அதனால்தான் மருந்து எவ்வளவு நேரத்தோடு தொடங்குகிறதோ அவ்வளவுக்கு ஆள் தப்புவார். மருந்துக்கடையில் நாலு குளிசை வாங்கி இரண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருப்பது அந்த நேரத்தைத் தின்கிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. கொதிக்க வைக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர்தான் எல்லாருக்கும். அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் மலக்குழியிலிருந்து இறங்கும் நீர் மணலில் வடிவதுபோல வடியாமல் நேரே ஓடிவிடும். உங்கள் வளவுக்குள் மலசலகூடம் தூரமாக இருந்தாலும், மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட என்று பார்த்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) நெடுங்காலமாகவே இருந்து வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நெருப்புக்காய்ச்சல் கிருமி மிகவும் தந்திரமானது. கிருமியை விழுங்கி அழிப்பதற்கென்றே எங்களிடம் கலங்கள் இருக்கின்றன, இது அந்தக் கலத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகும், அதிலேயே ஏறி ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை எல்லாம் போகும். ஒன்றிரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு காய்ச்சல் படிப்படியாக ஏறும். கவனிக்காமல் விட்டால் மூன்றாம் வாரமளவில் சிறுகுடலின் கடைசிப் பகுதி ஓட்டையாகலாம். சிலருக்குச் சுகமான பிறகும் பித்தப்பையில் கிருமி தங்கி, ஒரு வருத்தமும் இல்லாமலே வருடக்கணக்காக மலத்தோடு போய்க்கொண்டிருக்கும், சமைப்பவர் அப்படிப்பட்டவரானால் வீடே படும்.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பழங்கறி மாதிரி இல்லை இது. தண்ணீரில் வருவது உயிருள்ள கிருமி, அது கெடுதல் செய்வது உள்ளே போன பிறகுதான், ஆகவே கொப்புளித்துக் கொதிக்க வைத்தால் கதை முடிந்தது. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போட பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எலிக்காய்ச்சல் எலி கடித்தால்தானே வரும்?

இல்லை. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நின்றால் வரும். தண்ணீரில் ஊறிய தோலிலும் சின்னக் கீறலிலும் கண்ணிலும் மூக்கிலும் அந்தச் சுருள் கிருமி நுழைந்துவிடும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலோடு மூச்சுத் திணறிச் சிலர் இறந்தபோது என்ன நோய் என்று ஊரே பதறியது, சோதித்தபோது எலிக்காய்ச்சல். இரத்தக்குழாயின் உட்சுவரை அது கெடுப்பதால் நுரையீரலுக்குள்ளேயே இரத்தம் கசியும், சிறுநீரகமும் ஈரலும் படும். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் (சிறுநீர்) குறைதல், இவை காய்ச்சலோடு வந்தால் வயலில் நின்றதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம். வயலில் இறங்க முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

டெங்கில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்கிறார்கள், அது எப்படி?

காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். வைரஸ் வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதம் குழாயின் உட்பூச்சைக் குலைக்கிறது, உடம்பின் எதிர்ப்பும் சேர்ந்து அதைக் கூட்டுகிறது. டெங்கில் நாலு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் பழைய பிறபொருளெதிரி அதைத் தடுக்காமல் கலத்துக்குள் போக உதவிவிடும், அதனால் இரண்டாம் முறை பெரும்பாலும் கடுமை. பனடோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினாக் எதுவும் கொடுக்கக் கூடாது. பப்பாசி இலைச்சாறு கொடுத்துப் பார்ப்போம் என்று அந்த இரண்டு நாளை வீட்டில் கழிக்காதீர்கள்.

எப்போது வீட்டில் வைத்துப் பார்க்காமல் கொண்டுபோக வேண்டும்?

காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், கைகால் குளிர்ந்தால், வயிறு விடாமல் நொந்தால். ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால். குடிப்பதெல்லாம் சத்தியாகப் போனால். மூச்சு வாங்கினால், பேச்சுக் குழம்பினால், தாடை இறுகினால், கண் இமை தானாக விழுந்து விழுங்க முடியாமல் போனால். நாய் கடித்தால் இவை ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டாம், விசர்நாய்க்கடி வைரஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறி அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. காயத்தைச் சவர்க்காரத்தால் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஊசிக்குப் போங்கள். இரவு, வாகனம் இல்லை என்று விடியும்வரை இருக்க வேண்டாம், 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு இல்லை.